இந்த வருஷம் கிறிஸ்துமஸ் எங்கள் வீட்டு முறை, கையில் இருப்பது 11,000 ரூபாய்

காட்பாடியிலிருந்து வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 37, தனியார் லேப் ஒன்றில் வேலை. கணவர் ஆம்பூரில் ஷூ கம்பெனி சூப்பர்வைசர், தினமும் ரயிலில் போய்வருகிறார். மகள் பத்தாவது, மகன் ஐந்தாவது. முதல் மாடியில் வாடகை வீடு. கணவரோடு சேர்த்து அண்ணன் தம்பி மூன்று பேர். கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாட்டை வருஷத்துக்கு ஒரு வீடாக முறை வைத்து எல்லோரும் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்பது, நான்கு வருஷத்துக்கு முன் தவறிப்போன மாமனார் ஏற்படுத்திய வழக்கம். நாத்தனார் குடும்பம், சின்ன மாமனார் வீட்டார் எல்லாம் சேர்த்து 26 பேர், அதில் 8 பிள்ளைகள். இந்த வருஷம் இவர்கள் முறை.

போன வருஷம் மூத்தவர் சத்துவாச்சாரியில் தன் சொந்த வீட்டில் நடத்தினார். வாசலில் பலூன் வளைவு, எட்டடி பிளாஸ்டிக் மரம், கேட்டரிங் சாப்பாடு. இவர் கையில் இருப்பது மகளிர் குழுவில் சேர்த்த 11,000. பலூன் அலங்காரத்துக்கு மட்டுமே ஒரு ஆள் 9,000 கேட்டிருக்கிறார். கணவரோ, ‘உன் ரெண்டு பவுன் செயினை வெச்சு ஒரு முப்பதாயிரம் எடுத்துக்கலாம், நகைக்கடன்தானே’ என்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மூத்த ஓர்ப்படி ‘காட்பாடி கிறிஸ்துமஸுக்கு வெயிட்டிங்’ என்று சிரிக்கிற பொம்மையோடு போட்டதிலிருந்து இவருக்குத் தூக்கம் போய்விட்டது. மூன்று கேள்வி கேட்டிருக்கிறார்: சிம்பிளாகச் செய்தால் மதிப்பார்களா, செயினைக் கொடுப்பதா, எங்கள் நிலைமையை அத்தையிடம் (மாமியாரிடம்) சொல்லிவிடலாமா.

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை எனக்கும் பலூன் வளைவும் வாட்ஸ்அப் பொம்மையும்தான் கண்ணில் பட்டன. இரண்டாவது தடவைதான், மூன்றாம் பக்கத்தில் போன வருஷ விருந்தைப் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்ட இரண்டு வரியைக் கவனித்தேன். ஒன்று, ‘அக்கா அன்றைக்கு நாலு மணி வரை சாப்பிடவே இல்லை, தலைவலி என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.’ இன்னொன்று, ‘அத்தை கேட்டரிங் கறியை மெல்ல முடியாமல் தயிர்சாதம் போதும் என்றுவிட்டார்.’

அவ்வளவு செலவு செய்த வீட்டில் வீட்டுக்காரி சாப்பிடவில்லை, வீட்டின் மூத்தவரும் சாப்பிடவில்லை. இதைத்தான் நீங்கள் செயினை அடகு வைத்து எட்டிப்பிடிக்கப் பார்க்கிறீர்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே?

அந்த மெசேஜ் குத்தல்தானா என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. குத்தலாகவே இருக்கலாம். போன வருஷம் தனியாகத் தவித்த ஒரு பெண், இந்த வருஷமாவது உட்கார்ந்து சாப்பிடலாம் என்று நிஜமாகவே காத்திருக்கவும் செய்யலாம். போன வருஷம் அவருக்கு மொத்தம் எவ்வளவு ஆனது, அதில் கடன் எவ்வளவு என்று நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. ஒரு நாள் போன் போட்டு, ‘அக்கா, போன வருஷம் எதை வாங்காம விட்டிருக்கலாம்னு இப்ப தோணுது?’ என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். என்னிடம் வரும் ஓர்ப்படிச் சண்டைகளில் பாதி, இந்த மாதிரி ஒரு போன் போகாததால் வளர்ந்தவை.

முதலில் அந்தச் செயின்

‘நகைக்கடன்தானே, வட்டி பெரிதாக வராது’ என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடகுக் கடையில் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி என்றால் 30,000 ரூபாய்க்கு மாதம் 600. அடுத்த கிறிஸ்துமஸ் வரை மீட்காவிட்டால் வட்டி மட்டும் 7,200. பேங்கில் இதைவிடக் குறையும், சரி. ஆனால் ஜனவரியில் பொங்கல், மகளுக்குப் பொதுத்தேர்வு டியூஷன், ஜூனில் பதினொன்றாவது அட்மிஷன் என்று வரிசையாக நிற்கிறது. இதில் எந்த மாதம் 30,000 தனியாக எடுத்துவைத்து மீட்பீர்கள் என்று காலண்டரை வைத்துக்கொண்டு கணவரோடு உட்காருங்கள். அந்த மாதத்தை இரண்டு பேராலும் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை என்றால், செயின் கழுத்திலேயே இருக்கட்டும். நகையில் கடன் வாங்குவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஆஸ்பத்திரி, படிப்பு என்றால் வேறு பேச்சு. இது ஒரு மதியச் சாப்பாடு.

உரிமை என்று பார்த்தால், உங்கள் பிறந்த வீட்டில் போட்ட நகை உங்கள் சொத்து. நீங்கள் சம்மதிக்காமல் அதை அடகு வைக்க அவருக்கு உரிமை கிடையாது. அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது, உங்களிடம் கேட்கத்தான் கேட்கிறார். ஆனால் ‘வேண்டாம்னா மொபைல் ஆப்ல எடுத்துக்கறேன்’ என்றாராமே, அதுதான் எனக்குக் கவலை. உடனடிக் கடன் ஆப்கள் போனில் இருக்கிற நம்பர் பட்டியல், போட்டோ இதிலெல்லாம் கைவைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே விதி போட்டிருக்கிறது. இருந்தும் விதியை மதிக்காத போலி ஆப்கள் உலாவுகின்றன. தவணை தவறினால் உங்கள் ஓர்ப்படிக்கும் சபைப் போதகருக்கும் போன் போகும். எந்த மரியாதையைக் காப்பாற்றக் கடன் வாங்கினீர்களோ, அதுதான் முதலில் போகும்.

இன்னொன்று. கணவர் பந்தாவுக்காகத்தான் இப்படிச் செய்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அவருடைய ஐடிஐ படிப்புச் செலவை மூத்தவர்தான் பார்த்தார் என்பதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அண்ணன் முன்னால் ‘நானும் ஆளாகிவிட்டேன்’ என்று ஒரு நாள் நிற்க ஆசைப்படுகிறார், அவ்வளவுதான். அந்த ஆசையோடு சண்டை போடாதீர்கள். அதற்கு வேறு ஒரு வழி இருக்கிறது, சாப்பாட்டுக்கு வரும்போது சொல்கிறேன்.

வீட்டை என்ன செய்யலாம்

அலங்காரத்துக்கு 1,500 ரூபாய். அதற்கு மேல் ஒரு பைசா வேண்டாம். சொல்லும்போது சிரிப்பீர்கள், கேளுங்கள்.

வாடகை வீடு, ஆணி அடிக்கக் கூடாது என்று ஹவுஸ் ஓனர் சொல்லிவிட்டார் என்கிறீர்கள். டபுள் சைடு டேப்பும் ஒட்டாதீர்கள். டிஸ்டெம்பர் அடித்த சுவரில் பிரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து வரும், காலி செய்யும் நாளில் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார். ஜன்னல் கம்பி, ஸ்கிரீன் ராடு, கொடிக்கயிறு கட்ட ஏற்கெனவே இருக்கிற கொக்கி, இவை போதும். ஹாலின் ஒரு பக்கம் கயிறு கட்டி, உங்கள் பழைய ஆரணிப் பட்டு ஒன்றை மடிப்பு வைத்துத் தொங்கவிட்டு, பின்னால் ஒரு செட் சீரியல் லைட் விடுங்கள். சாயங்காலம் விளக்கை அணைத்துப் பார்த்தால் நீங்களே நம்ப மாட்டீர்கள். பழைய குண்டு பல்பு செட் வேண்டாம், சூடாகும், துணிக்கு ஆகாது. எல்இடி மட்டும்.

கரண்ட் பில் எகிறும் என்று பயப்பட்டிருக்கிறீர்கள். ஒரு செட் 10 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு செட், தினமும் ஆறு மணி நேரம், 25 நாள் எரிந்தால் 6 யூனிட். உங்கள் ஹவுஸ் ஓனர் சப் மீட்டர் போட்டு யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குகிறார் அல்லவா, அந்தக் கணக்கிலும் 48 ரூபாய்தான். வாசல் ஸ்டாருக்குள்ளும் 9 வாட் எல்இடி பல்பே போடுங்கள். மொட்டை மாடியில் லைட் விட்டால் மார்கழிப் பனியில் ஒயர் ஜாயின்ட் நனையும், இன்சுலேஷன் டேப் சுற்றாத ஜாயின்ட் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

மரம். எட்டடி பிளாஸ்டிக் மரத்தை ஒரு வாரம் வைத்துவிட்டு மீதி 51 வாரம் அதை எந்தப் பரண்மேல் வைப்பீர்கள்? நம் பக்கம் சவுக்குக் கிளைதானே காலங்காலமாகக் கிறிஸ்துமஸ் மரம். தெரிந்தவர் தோப்பில் சொல்லிவைத்து 22-ஆம் தேதி வாக்கில் கொண்டுவாருங்கள், பக்கெட்டில் ஈரமணல் போட்டு நடுங்கள். முன்கூட்டியே வெட்டினால் காய்ந்து ஊசி ஊசியாகக் கொட்டும். காய்ந்த சவுக்கு நல்ல விறகு என்பதும் ஞாபகம் இருக்கட்டும், மெழுகுவர்த்தியைப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. பலூன் வாங்கினால் வாயால் ஊதுகிறதே போதும். மேலே பறக்கிற பலூனில் சில இடங்களில் ஹைட்ரஜன் அடைத்து விற்கிறார்கள், நெருப்புப் பட்டால் குப்பென்று பிடிக்கும்.

இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடிலுக்கு உங்கள் மகனைப் பிடியுங்கள். டிசம்பர் 14-ஆம் தேதி ராத்திரி ஒரு கைப்பிடி கேழ்வரகை ஊறவைக்கச் சொல்லுங்கள். மறுநாள் வடித்து ஈரத்துணியில் கட்டி, முளை எட்டிப் பார்த்ததும் பழைய தாம்பாளத்தில் இரண்டு விரல்கடை மண் பரப்பித் தூவி, தினமும் தண்ணீரைக் கையால் தெளிக்க வேண்டும், ஊற்றக் கூடாது. 24-ஆம் தேதிக்குள் விரல் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று புல்வெளி நிற்கும். மலைக்கு பிரவுன் பேப்பரைக் கசக்கி, காபி டிகாஷன் தெளித்துக் காயவைத்தால் போதும். தெர்மோகோல் பக்கம் போகவே வேண்டாம், இது சொந்த அனுபவம். கல்யாணமான புதிதில் தோட்டப்பாளையத்தில் இருந்தபோது, இரண்டு நாள் லீவு போட்டுத் தெர்மோகோலில் பெத்லகேம் மலையைச் செதுக்கி, கடைசியில் மேலே ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தேன். பெயிண்ட் பட்ட இடமெல்லாம் தெர்மோகோல் கரைந்து குழிகுழியாகப் போனது. அந்தக் கோபத்தில் கணவரோடு பேசாமல் இருந்தேன், வந்த மாமியாரோடும் சரியாகப் பேசவில்லை. மலை எப்படி இருந்தது என்று இன்றைக்கு யாருக்கும் ஞாபகம் இல்லை, நான் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது.

மகளுக்கு வேறு வேலை. ‘நம்ம வீட்டை ரீல்ஸ்ல போட்டுடாதீங்க’ என்றாளாமே. வெட்கப்படுகிற வயது. மாமனார் இருந்த காலத்துக் கிறிஸ்துமஸ் போட்டோக்கள் மூன்று வீட்டு ஆல்பத்திலும் இருக்கும். பெரியம்மாவிடமும் சித்தியிடமும் அத்தையிடமும் அவளே கேட்டு வாங்கட்டும். போனில் படம் எடுத்து, ஜெராக்ஸ் கடையில் முப்பது கலர் பிரிண்ட் போட்டு, அந்தப் பட்டுப்புடவைக்கு எதிர்ப்பக்கம் கயிறு கட்டித் துணி கிளிப்பில் மாட்டட்டும். பெல்பாட்டம் பேன்ட் போட்ட மூத்தவரும், ரெட்டை ஜடை நாத்தனாரும், கோட்டைப் பூங்காவில் எடுத்த குடும்பப் போட்டோவும் அங்கே தொங்கும்போது 26 பேரும் எங்கே நிற்கப்போகிறார்கள் என்று பாருங்கள். பலூன் வளைவுக்கு முன்னால் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள், இங்கே கால்மணி நேரமாவது நிற்பார்கள், யாராவது அழுதாலும் அழுவார்கள்.

பூ வேண்டுமானால் நேதாஜி மார்க்கெட்டில் உதிரிச் சாமந்தி அரைக்கிலோ. அகலமான பித்தளைப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டால் ஒரு மேசைக்கு அதுவே அதிகம்.

26 பேருக்குச் சாப்பாடு

பலகாரத்துக்கு 2,000, சாப்பாட்டுக்கு 6,500, மிச்சம் 1,000 கைச்செலவுக்கு. எரிவாயு திடீரென்று தீரும், யாராவது பிள்ளைக்கு மாத்திரை வேண்டியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி கணவர்தான் செய்வார், நன்றாக இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். பத்து வருஷமாக ஆம்பூருக்குப் போய்வருகிறவர், கம்பெனி நண்பர் வீட்டில் பண்டாரியின் (பிரியாணிச் சமையல்காரரின்) பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டவர். அண்ணன் முன்னால் அவர் நிற்க வேண்டிய இடம் அந்தப் பிரியாணித் தேக்சாவுக்குப் பக்கத்தில்தான். மூத்தவர் கேட்டரிங்காரருக்குப் பணம் கொடுத்தார், இவர் தன் கையால் தம் உடைத்துப் பரிமாறப்போகிறார். இதை அவரிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள், செயின் பேச்சு அன்றோடு நின்றாலும் ஆச்சரியமில்லை.

அளவு: கிலோ அரிசிக்குக் கிலோ கறி என்றால் எட்டுப் பேர் தாராளமாகச் சாப்பிடலாம். பிள்ளைகளையும் கணக்கில் வைத்து 3 கிலோ சீரகச் சம்பா, 3 கிலோ சிக்கன். மட்டன் பிரியாணிதான் போட வேண்டும் என்று சட்டமில்லை, ஒன்றரைக் கிலோ மட்டனைத் தனியாகக் குழம்பு வையுங்கள், எல்லார் இலையிலும் மட்டன் விழுந்துவிடும். வீட்டு அடுப்பில் 3 கிலோவை ஒரே பாத்திரத்தில் போட்டால் அடி பிடித்து மேலே வேகாது. ஒன்றரை ஒன்றரையாக இரண்டு பாத்திரம், தம் போடும்போது அடியில் பழைய தோசைக்கல். சீரகச் சம்பா சட்டென்று குழையும் என்பது அவருக்கே தெரியும். தொட்டுக்கொள்ளத் தயிர்ப் பச்சடி, எண்ணெய்க் கத்திரிக்காய். கத்திரிக்காய்க்கு இலவம்பாடி முள் கத்திரி கிடைத்தால் விடாதீர்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்க் காய், விருந்தாளிக்கு வைக்க அதைவிட என்ன பெருமை?

ஆளுக்கு ஒன்று கொண்டுவரச் சொன்னால் அவமானம் என்று நினைக்கிறீர்கள். ‘காசு இல்ல, கொண்டு வாங்க’ என்றால் அவமானம்தான். ‘சித்தி, நீங்க பண்ற பிரெட் அல்வா இல்லாம எங்க வீட்டுக் கிறிஸ்துமஸா?’ என்று கேட்டால் அது சித்திக்குப் பெருமை. கேக்கை நாத்தனாரிடம் விடுங்கள், எப்படியும் வெறுங்கையோடு வரமாட்டார். தெர்மோகோல் தட்டு, பிளாஸ்டிக் பூசின கப் வாங்காதீர்கள், 2019 ஜனவரி 1-லிருந்து தமிழ்நாட்டில் தடை. வாழையிலையோ மந்தாரை இலையோ வாங்கினால் கழுவுகிற வேலையும் மிச்சம்.

இடம் போதாது என்பது உங்கள் பெரிய கவலை. 26 பேரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டாமே. பிள்ளைகளும் பெரியவர்களும் முதல் பந்தி, மீதிப் பேர் இரண்டாம் பந்தி. இரண்டாம் பந்தியில் நீங்களும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும், அப்போது கணவர் பரிமாறட்டும். அப்புறம், யோசித்துப் பாருங்கள், விடியற்காலை நாலு, நாலரைக்கெல்லாம் ஆராதனைக்கு எழுந்து போனவர்கள் இவர்கள். அதற்கு முந்தின ராத்திரிகளில் கேரல் ரவுண்ட்ஸ் வேறு. மதியம் இரண்டு மணிக்கு வயிறு நிறைந்ததும் ஒவ்வொருவருக்கும் வேண்டியது ஒரு பாயும் தலையணையும். பெட்ரூமைக் காலி செய்து கோரைப்பாய் விரித்துவையுங்கள். பக்கத்து வீட்டில் நான்கு தலையணை கடன் கேளுங்கள், இது வட்டியில்லாக் கடன்.

அத்தையிடம் சொல்வதா?

சொல்லலாம். ஆனால் ‘எங்ககிட்ட காசில்ல அத்தை’ என்று ஆரம்பித்தால் அவர் மூத்த மகனிடம் சொல்லுவார், மூத்தவர் பணம் அனுப்புவார், உங்கள் கணவர் உடைந்துபோவார். அதனால் கணவருக்குத் தெரியாமல் எதுவும் வேண்டாம். பட்ஜெட் இவ்வளவுதான், கடன் வாங்கப்போவதில்லை என்று நீங்கள் இருவரும் முடிவு செய்த பிறகு, அவரே அம்மாவிடம் சொல்லட்டும். ஒருவேளை மூத்தவர் பணம் கொடுக்க வந்தாலும், ‘அண்ணா, அரிசி மூட்டையை மட்டும் தூக்கிட்டு வா’ என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம்.

நீங்கள் அத்தையிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அச்சு முறுக்கு அச்சு புதிதாக வாங்க 250 ரூபாய் ஒதுக்கியிருக்கிறீர்கள், அதை அடித்துவிடுங்கள். புது அச்சில் எண்ணெய் ஏறிப் பழகும்வரை முறுக்கு கழன்று விழாது, முதல் பத்தும் ஒட்டிக்கொண்டு பிய்ந்துதான் வரும். அத்தையிடம் நாற்பது வருஷம் எண்ணெயில் ஊறின அச்சு இருக்குமே. ஒரு சனிக்கிழமை போய் அதைக் கேளுங்கள். அச்சோடு அத்தையையும் கையோடு கூட்டிவந்து இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள், மாவு பதத்தை அவர் பார்க்கட்டும். கறியை எவ்வளவு மெத்தென்று வேகவைத்தால் மெல்ல முடிகிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.